யாரும் சொல்லாமல் நான் போட்ட மூன்று

என் நாற்காலிக்குப் பின்னால் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்த அந்தக் காலை நேரம் இன்னும் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. முகக்கவசத்தையும் மீறி, அவர் நெற்றியில் தடவியிருந்த தைலம் மணத்தது. ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். கணினித் திரையில் எங்கள் பள்ளியின் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் முப்பத்தெட்டுக் கட்டங்களாக இருந்தார்கள். அந்த வாரம் இணைய வகுப்புக்கு வந்தவர்களுக்குப் பச்சை. வீட்டுக்கு அனுப்பிய பயிற்சித் தாளைச் செய்து கொடுத்தவர்களுக்கு மஞ்சள். எந்த வழியிலும் எட்ட முடியாதவர்களுக்குச் சிவப்பு. ஒரே ஒரு கட்டம் ஐந்து வாரமாகச் சிவப்பாகவே இருந்தது.

"டீச்சர், அதையும் பச்சையாக்கிடுங்க," என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பி சன்னலோரம் போய் நின்றுகொண்டார். வெளியே யாரும் இல்லாத திடலில் புல் முழங்காலளவு வளர்ந்திருந்தது. நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவர் என்னை அதட்டவில்லை, மிரட்டவில்லை. தண்ணீர்க் குழாயை மூடச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் சுட்டியை நகர்த்தி ஒருமுறை அழுத்தினேன். கட்டம் பச்சையானது.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது எங்கள் தமிழ்ப்பள்ளி. நான் சுங்கை சோவில் பிறந்து வளர்ந்தவள். கணவருக்குப் பத்தாங் காலியில் தொழிற்சாலை வேலை. எனக்கு இந்தப் பக்கம் வேலை போட்டபோது இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். வந்த வருடமே, ஆசிரியர்களில் இளையவள் என்ற ஒரே தகுதியில் கணினிப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். வருகைப் பதிவு, மதிப்பீடு, பாடநூல், உயரம், எடை என்று பிள்ளைகளைப் பற்றிய எதுவாக இருந்தாலும் அது என் விரல் வழியாகத்தான் கணினிக்குள் போகும்.

தலைமையாசிரியர் ஜெராம்காரர். எனக்கு முன்பே பல வருடங்களாக அந்தப் பள்ளியில் இருந்தார். அவர் வந்தபோது இருபத்தோரு பிள்ளைகள்தான் இருந்தார்களாம். ஒவ்வொரு வருடமும் கடைசி மாதங்களில் அவர் லயம் லயமாக, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஏறி இறங்கிப் பிள்ளை கேட்பார். ஒரு வருடம் நானும் சேர்க்கைப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அந்த ஆண்டு நல்லுள்ளம் கொண்ட சிலர் சேர்ந்து எங்கள் பள்ளிக்கு ஒரு தொடுதிரைப் பலகை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். சுவர் அகலத்துக்கு இருக்கும். விரலால் தொட்டால் எழுதும், பாடும், பேசும். அதைச் சொல்லியே பிள்ளை சேர்த்தார். கடைசி லயத்தில் ஒரு வீடு. கணவர் செம்பனைப் பழ லோரி ஓட்டுபவர். மனைவி குலை வெட்டும் இடத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குபவர். இளைய மகளை டவுன் பள்ளியில் சேர்ப்பதா, இங்கே சேர்ப்பதா என்று அவர்களுக்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"டவுன் ஸ்கூல்லே இருக்கறது எல்லாம் நம்ம ஸ்கூல்லயும் இருக்கு தங்கச்சி," என்றார் தலைமையாசிரியர் அந்த அம்மாவிடம். "ஒன்னும் கொறையாது. நான் பாத்துக்கறேன்."

அந்த அம்மா கணவரைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்தச் சின்னவளை வீட்டில் பாப்பா என்று கூப்பிட்டார்கள். பள்ளியிலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

பாப்பா வாயாடி. முதலாம் ஆண்டில் என் வகுப்பில் அவள் வாய் மூடிய நேரம் குறைவு. தொடுதிரைப் பலகை என்றால் அவளுக்கு உயிர். எட்டாது என்பதால் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுவாள். 'க' என்ற எழுத்தைத் தொட்டால் பலகை 'க' என்று சொல்லும், இவளும் சொல்வாள். வரிசையாக எல்லா எழுத்தையும் தொட்டு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி முடித்துக் கைதட்டல் வாங்குவாள். ஒருநாள் நான் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டேன். அவள் பழைய இடத்திலேயே விரலை வைத்துப் பழைய ஒலியையே சொன்னாள். எந்த இடத்தில் எந்தச் சத்தம் என்பதை மனப்பாடம் செய்திருந்தாளே தவிர, எழுத்தை அவள் பார்க்கவே இல்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. கரும்பலகையில் எழுதி, மணலில் கைபிடித்து எழுதவைத்துச் சரிசெய்ய வேண்டிய விஷயம். செய்யலாம், இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன். அன்று அவள் பலகையின் முன் நிற்பதைப் படம் எடுத்துப் பள்ளியின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் போட்டேன். நிறையப் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

மறு வருடம் கொரோனா வந்து பள்ளிகளை மூடிவிட்டார்கள்.

அந்த நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தைப் பற்றி எல்லாரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். என் பங்குக்குச் சொல்ல இருப்பது ஒரு படுக்கையறையைப் பற்றி மட்டும்தான். கோலசிலாங்கூர் பட்டணத்தில் ஒரு வாடகை வீட்டில் என் மூன்று வயது மகளோடு தனியாக இருந்தேன். மாவட்டம் தாண்ட அனுமதி இல்லாத மாதங்களில் கணவர் பத்தாங் காலியிலேயே மாட்டிக்கொண்டார். காலையில் மகளை வெளியே கூடத்தில் விட்டுவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துணி அலமாரியில் ஒட்டிய அட்டைக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்துவேன். மகள் கதவைத் தட்டுவாள். திரையில் நான்கைந்து முகங்கள் தெரியும், மற்றவை கறுப்பு. கறுப்புக்குப் பின்னால் பிள்ளை இருக்கிறதா, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டதா என்பது தெரியாது. "கேக்குதா? கேக்குதா பிள்ளைங்களா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்கிருந்தோ ஒரு குரல், "லைன் இல்ல டீச்சர்," என்று பாதியில் அறுந்துபோகும். கதவுக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை அழ, இந்தப் பக்கம் நான் சிரித்த முகமாகப் பாட்டுப் பாடியிருக்கிறேன்.

பாப்பா வீட்டில் ஒரு போன்தான். பகலில் அது அப்பாவோடு லோரியில் போய்விடும். சாயங்காலம் வந்ததும் அக்காவுக்கு. அவள் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம், அரசுத் தேர்வு எழுத வேண்டியவள். அக்காவும் போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால்தான் லைன் கிடைக்கும். பாப்பாவின் முறை வருவதற்குள் போனில் உயிர் இருக்காது. முதலில் பயிற்சித் தாள்களை அச்செடுத்துத் தோட்டத்துக் காவல் சாவடியில் வைத்துவிட்டு வருவேன். அவள் அம்மா எடுத்துப்போவார். சில தாள்கள் அக்காவின் கையெழுத்தில் திரும்பி வந்தன. இருந்தாலும் மஞ்சள் போட முடிந்தது. பிறகு தோட்டத்தில் தொற்று வந்து லயங்களுக்குப் போகும் வாசலையே அடைத்தார்கள். தாள் உள்ளே போகவில்லை. பாப்பாவின் கட்டம் சிவப்பானது அப்போதுதான்.

பெரிய பள்ளியில் ஒரு பிள்ளை சிவப்பானால் யாருக்கும் தெரியாது. எங்களைப் போன்ற சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளை குறைந்தாலே விழுக்காடு சறுக்கிவிடும். தலைமையாசிரியர்கள் தங்களுக்குள் வைத்திருந்த புலனக் குழுவில் யாரோ ஒருவர் பள்ளிகளை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். எங்கள் பள்ளி கடைசியில் இருந்தது. பிள்ளை குறைவான பள்ளி, ஊரில் வேறு நல்ல பள்ளி இல்லையா என்று ஏற்கெனவே பேசுகிறவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம். ஒரு கட்டம் சிவப்பாக இருந்ததற்காக யாரும் பள்ளியை மூடியிருக்க மாட்டார்கள் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் தலைமையாசிரியர் ஒவ்வொரு வீடாக ஏறிச் சேர்த்த பிள்ளைகள். அந்தப் பட்டியலை அவர் போனில் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, பச்சையாக்கினேன். அடுத்த வாரம் அதுவும் தேவைப்படவில்லை. சென்ற வாரத்துப் பதிவை அப்படியே இந்த வாரத்துக்கும் எடுத்துக்கொள்ள அந்த அட்டவணையில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே நொடியில் வகுப்புக்கு வந்துவிடுவார்கள். மகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலைகளில் அந்தப் பொத்தான் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடையில் சில வாரங்கள் பள்ளி திறந்தபோதும் அந்த லயத்துப் பிள்ளைகளைப் பெற்றோர் பயந்துபோய் அனுப்பவில்லை. ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிப்பிலும் எழுத்திலும் அடைவுநிலை போட வேண்டும். ஒன்று என்றால் எதுவும் தெரியாது, ஆறு என்றால் கெட்டிக்காரப் பிள்ளை. பாப்பா அப்போது மூன்றாம் ஆண்டு. அவள் பெயருக்கு நேராகச் சுட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையாகப் பார்த்தால் ஒன்று. ஆனால் வாராவாரம் வகுப்புக்கு வந்ததாகப் பச்சை காட்டும் பிள்ளைக்கு ஒன்று போட்டால், அப்படியானால் நீ என்ன கற்றுக்கொடுத்தாய் என்று யாராவது கேட்கக்கூடும். என் மாற்றல் விண்ணப்பம் வேறு நிலுவையில் இருந்தது. இரண்டு போடலாமா என்று யோசித்தேன். இரண்டும் பலவீனப் பட்டியலில் வரும். மூன்று போட்டேன். தலைமையாசிரியர் அன்று பள்ளியில் இல்லை. அவர் சொல்லியிருந்தது அந்தப் பச்சையை மட்டும்தான். மூன்று போடும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

முழுமையாகப் பள்ளி திறந்த நாளில் பாப்பா நான்காம் ஆண்டுப் பிள்ளையாக வந்தாள். வளர்ந்திருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. வாயாடிப் பிள்ளை எங்கே போனாள் என்று தெரியவில்லை. இரண்டாவது வாரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒரு பெண் குடையோடு கடைக்கு முன் நிற்கும் படம். "மழ பேஞ்சதாலே அம்மா கொட எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனாங்க," என்று மளமளவென்று சொன்னாள். அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது வேறு. நான் படத்தைக் கையால் மறைத்தேன்.

"இப்பப் படி."

அவள் எழுத்துகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் தாளின் மேல் ஒருமுறை இடமிருந்து வலமாக நகர்ந்தது, போனில் தள்ளுவதுபோல. எதுவும் மாறவில்லை.

"லைன் இல்ல டீச்சர்," என்றாள் மெதுவாக.

அவள் கேலி செய்யவில்லை. ஒன்று வராதபோது பெரியவர்கள் சொல்லும் வார்த்தை அது என்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்த ஆண்டு, வாசிக்க முடியாத பிள்ளைகளுக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பள்ளிக்கு வருவதாக ஏற்பாடானது. யார் யாருக்கு என்ற பட்டியல் கணினியிலிருந்தே வந்தது. ஒன்று, இரண்டு வாங்கிய பிள்ளைகளின் பெயர்கள் மட்டும். மூன்று வாங்கிய பாப்பா அதில் இல்லை. நான் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். பாப்பா புத்தகம் வாசித்த விதத்தைச் சொன்னேன். மூன்று போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

"இப்ப மாத்தினா ஏன்னு கேப்பாங்க டீச்சர். மூனு ஏன் ஒன்னாச்சுன்னு கேட்டா, அந்தப் பச்சை எல்லாத்தையும் தோண்டுவாங்க."

"அப்ப என்ன சார் செய்யறது?"

"எனக்கு இன்னும் ஒரு வருசம்தான் இருக்கு. உங்களுக்கு இன்னும் இருவத்தஞ்சு வருசம் இருக்கு." பேனாவை மேசையில் வைத்தார். "நாமளே சொல்லிக் குடுத்துடலாம் லா. ஒரு புள்ளதானே."

ஒரு பிள்ளைதான். காலையில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் சபை கூடல் முடிந்ததும் பாப்பா அவர் அறைக்குப் போவாள். மதியம் பள்ளி விட்டதும் அரைமணி நேரம் என்னிடம். நாங்கள் நினைத்ததுபோல அது எளிதாக இல்லை. மதியம் எனக்குப் பதிவு வேலை குவிந்துகிடக்கும். அவளை எழுதச் சொல்லிவிட்டு நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கோ நிர்வாகம் பார்த்துப் பார்த்து வகுப்பறைப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. போதாததற்கு அப்போது எல்லாக் கூட்டங்களும் கணினி வழியாகத்தான். காலை எட்டரைக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் ஒரு கையெழுத்துக்காக அவர் அறைக் கதவைத் திறந்தேன். அவர் கழுத்துப்பட்டை கட்டி, முடி வாரி, மடிக்கணினியின் முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் கவனமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பாப்பா மேசைக்குப் பக்கத்தில் தரையில், கேமராக் கண்ணுக்குப் படாத இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இடது கை மேசைக்குக் கீழே தொங்கியது. அந்தக் கையில் 'ட' என்று எழுதிய அட்டை. அவள் வாயசைத்தாள். அவர் முகம் திரையிலிருந்து திரும்பவே இல்லை. கை மட்டும் அடுத்த அட்டையை எடுத்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் அழுகையாக முடிந்தது. ஒரு தலைமையாசிரியர் தன் சொந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை ஒளித்துச் செய்ய வேண்டியிருந்தது. அந்த நிலையில் அவரைக் கொண்டுபோய் வைத்ததில் பாதிக்கு மேல் என் கை.

நான்கு மாதத்தில் அவள் உயிரெழுத்தும் பாதி மெய்யெழுத்தும் கற்றிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகிற உடையோடேயே, முழங்கால்வரை காலணியும் தலையில் துண்டுமாக அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். கையில் நான்காக மடித்த தாள். முந்தைய ஆண்டின் அடைவு அறிக்கை. அது பெற்றோருக்குச் சில வாரங்களுக்கு முன்தான் போய்ச் சேர்ந்திருந்தது. தலைமையாசிரியர் என்னையும் தம் அறைக்கு வரச் சொன்னார். அந்த அம்மா நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். காலணி மண்ணாக இருந்தது.

"சார், இதுலே தமிழு மூனுன்னு போட்டிருக்கு. மூத்தவ படிச்சுச் சொன்னா. மூனுன்னா நல்லா வாசிப்பாளாம்."

தலைமையாசிரியர் தாளை வாங்கவில்லை.

"வீட்டுலே மருந்து போத்தல்லே இருக்கறத படின்னா படிக்க மாட்டேங்கறா. கோயில் நோட்டீஸ படின்னா வாய மூடிக்கிட்டு நிக்கறா. ஸ்கூல்லே நல்லாப் படிக்கற புள்ள வீட்டுலே வந்து நடிக்கறாளேன்னு எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு சார். ஒருநாளு கரண்டியாலே அடிச்சிட்டேன். அப்புறம் நாலஞ்சு வாட்டி அடிச்சிருப்பேன். நேத்து அடிக்கறப்ப, 'அம்மா நெசமா தெரியலம்மா'ன்னு கால புடிச்சுக்கிட்டா." அவர் குரல் உயரவில்லை. "எனக்கு ஒன்னே ஒன்னுதான் தெரியணும். இந்தப் பேப்பரு சொல்றது நெசமா, என் புள்ள சொல்றது நெசமா?"

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி இருக்கும். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் நான் பேசியிருப்பேனோ என்னவோ. அது இல்லை. மழை வருகிறதா என்று வானத்தைப் பார்ப்பவர்போலப் பார்த்துவிட்டு, எழுந்து நின்றார்.

"பாப்பா பொய் சொல்லலை தங்கச்சி. அந்தப் பேப்பர்தான் பொய். அத நான்தான் போடச் சொன்னேன்."

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். இரண்டு சொல். சொல்லவில்லை.

அந்த அம்மா தாளை மறுபடி நான்காக மடித்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். நான் அடிச்சிருக்க மாட்டேனே," என்றார். தாளை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். வாசற்படியிலிருந்த காலணி மண்ணை அன்று மாலை நான்தான் கூட்டினேன்.

அந்த வாரமே தலைமையாசிரியர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். வருகைப் பதிவும் அடைவுநிலையும் தவறு, இரண்டும் தம் உத்தரவின் பேரில் பதியப்பட்டவை என்று. எனக்குக் காட்டவில்லை, கோப்பில் வைக்கும்போதுதான் பார்த்தேன். விளக்கம் கேட்டார்கள். அவர் நேரில் போய்ச் சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. பணி ஓய்வு நாளில் வழக்கமாக நடக்கும் பெரிய விருந்து நடக்கவில்லை; பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மீகூன் கோரேங் என்ற வறுத்த சேமியாவும் தேநீருமாக முடிந்தது. சக தலைமையாசிரியர்களில் இருவர்தான் வந்தார்கள். ஆனால் பாப்பாவின் பெயர் அந்தத் தனிப்பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆசிரியை பொறுமைசாலி. பாப்பா ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் தட்டுத்தடுமாறி வாசிக்க ஆரம்பித்தாள். கணினியில் மட்டும் அந்த மூன்று அப்படியே நின்றது. அதற்குள் அந்த ஆண்டின் பதிவு பூட்டப்பட்டுவிட்டது, இனி யாராலும் திறக்க முடியாது என்றார்கள்.

நான் எங்கும் போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மாற்றலுக்கு எழுதினேன். ஒவ்வோர் ஆண்டும், கணினி வேலை தெரிந்த வேறு ஆள் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள் என்று பதில் வந்தது. கடைசியில் கணவர் வேலையை மாற்றிக்கொண்டு இங்கே வந்தார். இப்போது எங்கள் பள்ளியில் மூன்று தொடுதிரைப் பலகைகள் இருக்கின்றன. தோட்டத்தில் லைன் கோபுரம் வந்துவிட்டது. என் வகுப்பில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அரையாண்டு வரை பலகையை நான் போடுவதில்லை, மணலும் சிலேட்டும்தான். புதிதாக வந்த இளம் ஆசிரியர்கள், "என்ன டீச்சர், நீங்களே இப்படி?" என்று கேட்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன்.

பாப்பாவின் அம்மாவைச் சனிக்கிழமைகளில் சந்தையில் பார்ப்பேன். எப்போதும் அவர்தான் முதலில் வணக்கம் சொல்வார். ஒரு கட்டுக் கீரையோ நாலு கொய்யாவோ என் பையில் போட்டுவிடுவார். வேண்டாம் என்றால் விடமாட்டார். ஒருநாள்கூட என்னை அவர் ஒன்றும் கேட்டதில்லை. அந்தக் கொய்யாக்களை வீட்டில் என்னால் சாப்பிட முடிந்ததில்லை. மகளுக்கு நறுக்கிக் கொடுத்துவிடுவேன்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் தலைமையாசிரியர் இறந்துபோனார். செய்தி புலனக் குழுவில்தான் வந்தது. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகளின் படங்கள். எண்ணினால் அறுபது எழுபது இருக்கும். ஜெராமில் அவர் வீட்டுக்குப் போனபோது அவ்வளவு பேர் இல்லை. கொட்டகையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் இன்னொருவரிடம், "நல்ல மனுசன். கடைசியிலே அந்தப் புள்ளைக்குப் பொய்யா மார்க் போட்டதுதான் பேரக் கெடுத்துடுச்சு," என்று சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் அவருக்குப் பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் போடும் சட்டையையே போட்டிருந்தார்கள். வண்டி கிளம்பும்வரை இருந்தேன்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் நேராகப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். பாப்பா அங்கே, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்பில் இருக்கிறாள். அவள் அம்மா மோட்டாரை மர நிழலில் நிறுத்திவிட்டு மகளுக்காகக் காத்திருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். நான் முன்னுரை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்தால் சொல்லாமல் போய்விடுவேன் என்று தெரியும்.

"அந்த மூனு சார் போடச் சொல்லல. நானாத்தான் போட்டேன்."

அவர் முகத்தில் ஆச்சரியம் தெரியவில்லை. தலையிலிருந்த துண்டை அவிழ்த்து மடித்துக் கூடையில் வைத்தார்.

"அன்னிக்கு சார் உங்கள ஒரு வாட்டி பாத்தாரு இல்லியா. அப்பவே எனக்கு என்னமோ பட்டுச்சு. நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் டீச்சர்."

இத்தனை வருடச் சனிக்கிழமைகள். ஒவ்வொரு கொய்யாவையும் பையில் போட்டுவிட்டு அவர் ஒரு நிமிடம் நின்றது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன மன்னிச்சிருங்க," என்றேன்.

"என்கிட்ட சொன்னீங்க, சரி. அடி வாங்குனது அவ. அவகிட்ட சொல்லுங்க."

மணி அடித்தது. வெள்ளையும் நீலமுமாகப் பிள்ளைகள் வாசலுக்கு வந்தார்கள். பாப்பா இப்போது அம்மாவைவிட அரையடி உயரம். "வணக்கம் டீச்சர்," என்றாள். அவள் அம்மா, "டீச்சர் உன்கிட்ட என்னமோ சொல்லணுமாம். கேளு," என்று சொல்லிவிட்டு மோட்டார் பக்கம் போய்விட்டார்.

நான் சொன்னேன். வாசலில் ஓரமாக நின்றபடி, சிவப்பில் தொடங்கி மூன்றுவரை எல்லாவற்றையும் சொன்னேன். சாருக்கு அதில் எவ்வளவு பங்கு, எனக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொன்னேன். அவள் பையின் வாரைத் தோளில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் சாருதான்னு சொன்னாங்க," என்றாள் பிறகு. "சாராலேதான் நான் அடி வாங்குனேன்னு நெனைச்சேன். நேத்து அம்மா சார் வீட்டுக்குப் போவோம் வான்னு கூப்பிட்டாங்க டீச்சர். நான்தான் வரமாட்டேன்னுட்டேன்."

அவள் அம்மா மோட்டாரைக் கிளப்பினார். பாப்பா போய் அம்மாவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள்.